மிசார்: வசிட்டர் நட்சத்திரத்தின் பெயரில் ஒரு சரக்குக் கப்பல் – உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நள்ளிரவு வாட்ச் எழுதியது:

அருந்ததியை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது வங்கக் கடலின் நடுவில். அப்போது கேடட். ஏப்ரல் மாதம், மேகமில்லாத வானம். எங்கள் செகண்ட் ஆபீசர், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைக் கையில் கொடுத்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். சப்தரிஷி மண்டலம் வந்ததும், "வால் பக்கத்தில் நடுவில் இருப்பது மிசார். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதா பார்" என்றார். தெரிந்தது. "வசிட்டரும் அருந்ததியும் சார்" என்றேன். அவர் வடநாட்டுக்காரர். அவருக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தன.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "கப்பலோட்டப் பயன்படும் 57 நட்சத்திரங்களின் பட்டியலில் மிசார் கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு கப்பல் இருந்தது. கடலில் தொலைந்ததை எல்லாம் அதுதான் தேடிக் கண்டுபிடித்தது."

அன்றிலிருந்து அந்தக் கப்பலைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் படித்துக்கொண்டு வருகிறேன். முப்பது ஆண்டு ஆகப்போகிறது.

அமெரிக்காவுக்கு வடதுருவப் பக்கம் ரேடார் நிலையங்கள் இருந்தன. அங்கே உணவும் எண்ணெயும் சாமான்களும் கொண்டுபோக, பனிக்கட்டியைத் தாங்கும் உடம்புள்ள சரக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. லூசியானாவின் அவோண்டேல் கட்டும் தளத்தில் மூன்று கப்பல்கள் கட்டினார்கள். எல்டானின், மிர்ஃபாக், மிசார். அந்த வகைச் சரக்குக் கப்பல்களுக்கு நட்சத்திரப் பெயர் வைப்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். எல்டானினும் மிசாரும் 1957இல் தண்ணீரில் இறங்கின. நீளம் சுமார் 81 மீட்டர். நான் கடைசியாக வேலை பார்த்த பல்க் கேரியரின் பாதிகூட இல்லை. வேகம் 13 நாட் அளவு. ஓட்டியவர்கள் சிவிலியன் மாலுமிகள், நம்மைப் போன்றவர்கள். எந்தச் சண்டைக்காகவும் கட்டியதில்லை. டின்னும் டிரம்மும் சுமக்கக் கட்டியது.

1963 ஏப்ரல் 10 அன்று திரெஷர் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, சோதனை ஓட்டத்தில் 129 பேரோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. ஆழம் சுமார் 2,600 மீட்டர். இவ்வளவு ஆழத்தில் கிடப்பதைத் தேடத் தங்களிடம் வழியே இல்லை என்பது கடற்படைக்கு அப்போதுதான் உறைத்தது. மறு ஆண்டு மிசாரை ஆராய்ச்சிக் கப்பலாக மாற்றினார்கள். சரக்கு அடுக்கும் அறையான ஹோல்டு இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் வந்தது. பிறகு கப்பலின் நடுவில், அடித்தட்டு வரை ஒரு கிணறு மாதிரி திறப்பும் அமைத்தார்கள். கேமரா, விளக்கு, காந்தமானி எல்லாம் கட்டிய ஒரு சட்டத்தை அதன் வழியாகக் கீழே இறக்கலாம். பக்கவாட்டில் தொங்கவிட்டால் கப்பல் ஆடும்போது சட்டம் மோதும், கேபிள் அறுபடும். நடுவில் ஆட்டம் குறைவு. கப்பலில் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1964 கோடையிலேயே திரெஷரின் சிதைவுகளை அது படமெடுத்துவிட்டது.

ஆனால் என் மனத்தில் நிற்பது ஸ்கார்பியன். 1968 மே மாதம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நீர்மூழ்கி. உள்ளே 99 பேர். மே 27 அன்று அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்துக்கு வந்திருக்க வேண்டும். குடும்பங்கள் கரையில் காத்திருந்தன. கப்பல் வரவில்லை. மே 22 அன்றே அது மூழ்கிவிட்டது.

எங்கே என்பதுதான் கேள்வி. அட்லாண்டிக்கின் குறுக்கே எங்கு வேண்டுமானாலும் கிடக்கலாம். கடலடி ஒலிவாங்கிகளில் பதிவாகியிருந்த சில சத்தங்களை வைத்து ஜான் கிரேவன் என்ற விஞ்ஞானி ஒரு வேலை செய்தார். அனுபவசாலிகளை அழைத்து, என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரையும் பந்தயம் கட்டச் சொன்னார். எல்லாவற்றையும் பேயஸ் விதி என்ற நிகழ்தகவுக் கணக்கில் போட்டுக் கடலடி வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டார். மிசார் அந்தப் பகுதியில் சட்டத்தை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் உழுதது. மேலே தூக்குவது, ஃபிலிமைக் கழுவிப் பார்ப்பது, வெறும் சேறு, மறுபடி இறக்குவது. ஐந்து மாதம் இப்படியே. அக்டோபர் இறுதியில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே சுமார் 400 கடல் மைல் தொலைவில், 3,000 மீட்டர் ஆழத்தில் ஸ்கார்பியன் கிடைத்தது.

வாட்சில் நிற்பவனுக்கு ஐந்து மாதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாத தண்ணீரை நான்கு மணி நேரம் பார்ப்பதற்கே எவ்வளவு பொறுமை வேண்டும்!

இந்தக் கப்பல்களோடு, அல்லது அவை விட்டுப்போனவற்றோடு உங்களுக்கு ஏதாவது பழக்கம் உண்டா? எழுதுங்கள்.

---

மண்ணுருளை எழுதியது:

அண்ணா, எனக்கு அக்கா கப்பலைத் தெரியும். எல்டானினைச் சொல்கிறேன்.

அதையும் 1962இல் சரக்கிலிருந்து ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள். ஆனால் தேடுவதற்காக இல்லை. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலை அளப்பதற்காக. பத்து ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணங்கள். போன இடமெல்லாம் ஆழம் அளந்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், கடலடிச் சேற்றில் நீளமான குழாயைக் குத்தி மண்ணுருளைகளாக மேலே கொண்டுவந்தார்கள்.

அந்த உருளைகளை ஃபுளோரிடாவின் டலஹாசியில் ஒரு குளிர்க் கிடங்கில் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்காக நான் அங்கே மூன்று வாரம் இருந்தேன். வெளியே நம்மூர் சித்திரை மாதிரி வெயில். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு உருளையையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் வைத்திருப்பார்கள். இன்னொரு பாதியில்தான் நமக்குத் தேவையான சிட்டிகை மண் எடுக்கலாம். பெயர்ச் சீட்டில் "எல்டானின்" என்று பார்த்ததும், நான் பிறப்பதற்கு முன்பே யாரோ குளிரில் கை விறைக்க மேலே இழுத்தது இப்போது என் கையில் இருக்கிறது என்று தோன்றியது. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கொரிய மாணவி என்ன ஆச்சு என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

அந்த உருளைகளில் ஒன்று பெரிய செய்தியை உள்ளே வைத்துக்கொண்டு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. 1981இல் ஃபிராங்க் கைட்டும் மற்றவர்களும் அதில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார்கள். இரிடியம் பூமியின் மேல்தோலில் மிக அரிது, விண்கற்களில் அதிகம். சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவின் முனைக்குத் தென்மேற்கே ஆழ்கடலில் ஒரு விண்கல் விழுந்திருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. அங்கே கடல் நான்கைந்து கிலோமீட்டர் ஆழம். தரையில் பள்ளம்கூட மிஞ்சவில்லை, சேற்றில் இந்தத் தடயம் மட்டும். அதற்கு எல்டானின் மோதல் என்றே பெயர். சேற்றை மேலே கொண்டுவந்தபோது கப்பலில் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் குழாயைக் குத்தினார்கள், சீட்டு ஒட்டினார்கள், அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

அந்த உருளைகள் பிற்பாடு ஓரிகானில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டன. இன்றும் கேட்டு விண்ணப்பித்தால் மண் தருகிறார்கள்.

---

சாக்பீஸ் எழுதியது:

நான் கல்லூரியில் நிலவியல் எடுத்தவன், இப்போது ஓய்வு. எல்டானின் என்ற பெயரை ஆண்டுதோறும் ஒரு நாளாவது வகுப்பில் சொல்லியிருப்பேன். கப்பல் முதலில் டின் சாமான் சுமந்தது என்று இன்றுதான் தெரிகிறது. நன்றி தம்பி.

எல்டானின்-19 என்று ஒரு கோடு உண்டு. 1965இல் அந்தக் கப்பல் பசிபிக்-அண்டார்டிக் கடலடி மலைத்தொடரைக் குறுக்கே கடந்தபோது, பின்னால் கட்டி இழுத்துச் சென்ற காந்தமானி வரைந்த ஏற்ற இறக்கக் கோடு. மலைத்தொடரின் நடுவில் குழம்பு மேலே வந்து உறையும்போது, அந்தக் காலத்துப் பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகும். அதனால் கடலடித் தரை பிரிந்து விலகுகிறது என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பட்டைகள் இருக்க வேண்டும். வைன், மேத்யூஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1963இல் இதைச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை.

அமெரிக்காவின் லாமாண்ட் ஆய்வகத்தில் மாணவராக இருந்த வால்டர் பிட்மன் எல்டானினின் தாள்களைப் பார்த்தார். நடுவிலிருந்து இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம். இவ்வளவு கச்சிதமாக இருக்க முடியாது என்று ஆய்வகத்திலேயே சொன்னவர்கள் உண்டு. 1966இல் ஹெர்ட்ஸ்லரும் பிட்மனும் அதை வெளியிட்டபின், கண்டங்கள் நகர்கின்றன என்ற பேச்சைத் தட்டிக்கழிக்க வழியில்லாமல் போயிற்று.

வகுப்பில் அந்தக் கோட்டை டிரேசிங் தாளில் வரைந்து கொண்டுபோவேன். ஜன்னல் பக்கம் நின்று நடுவில் மடித்து வெளிச்சத்தில் காட்டுவேன். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒரு வருடம் கடைசி பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, "சேலையின் இரண்டு கரை மாதிரி இருக்கு சார். நடுவில் தறி" என்றாள். அவள் வீட்டில் நெசவு. முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நானும் தறி என்றே சொல்லிக்கொடுத்தேன்.

---

சீஃப் குக் சிவகங்கை எழுதியது:

நான் படிப்பாளி இல்லை. கப்பலில் சமையல். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

ஆல்வின் என்ற சின்ன நீர்மூழ்கி 1968 அக்டோபரில், இறக்கும்போது கேபிள் அறுந்து மூழ்கியது. உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பிவிட்டார்கள். மதியத்துக்குக் கட்டிக்கொண்டுவந்த சாப்பாடு மட்டும் உள்ளேயே போய்விட்டது. சுமார் 1,500 மீட்டர் ஆழம். மறு ஆண்டு நம் மிசார் கப்பல்தான் போய் மேலே தூக்கியது. பத்து மாதம் கடலடியில் கிடந்த அந்த சாண்ட்விச்சும் ஆப்பிளும் ஊறிப்போயிருந்தன. கெட்டுப்போகவில்லையாம். ஆழத்துக் குளிரிலும் அழுத்தத்திலும் கிருமிகள் எவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சிக்கு அது பெரிய தூண்டுதலாக இருந்தது.

என் கப்பலில் ஒருமுறை ஃப்ரீசர் பழுதாகி, நடுக்கடலில் பதினோரு நாளுக்கான கறி போய்விட்டது. பருப்பும் ஊறுகாயும் வைத்தே 23 பேரைக் கரை சேர்த்தேன். அதனால் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது ஆராய்ச்சி இல்லை. அந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்தவனிடம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா என்றுதான் தோன்றியது.

---

கரைமடி எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரை ஊர். அப்பா கட்டுமரக்காரர். நான் விசைப்படகு.

நள்ளிரவு வாட்ச் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினில், பலோமரெஸ் ஊருக்கு மேலே இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று குண்டுவீச்சு விமானம், மற்றது அதற்கு எண்ணெய் ஊற்ற வந்தது. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில், ஒன்று கடலில். கடலில் விழுந்ததைத் தேட வந்த கப்பல்களில் மிசாரும் ஒன்று. அது தண்ணீருக்கு மேலே நின்று, கீழே போகும் ஆல்வின் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒலியை வைத்துப் பின்தொடர்ந்தது.

ஆனால் இடத்தைச் சொன்னவர் ஒரு மீனவர். ஃபிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ். அந்தக் காலையில் படகில் இருந்தவர், பாராசூட்டோடு ஏதோ கடலில் விழுவதைக் கண்ணால் பார்த்தவர். கரையில் இருக்கும் அடையாளங்களை வைத்தே, இங்கேதான் விழுந்தது என்று காட்டினார். முதலில் அவர் பேச்சுக்கு மதிப்பு இல்லை. கடைசியில் அவர் சொன்ன பக்கத்தில்தான் சுமார் 870 மீட்டர் ஆழத்தில் குண்டு கிடந்தது. ஏப்ரல் 7 அன்று மேலே எடுத்தார்கள். அவருக்கு ஊரில் "குண்டு பாக்கோ" என்றே பெயர் விழுந்துவிட்டது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் பக்கம் அதற்குக் கணியம் என்று பெயர். கரையில் ஒரு மலையையும் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடி, இன்னொரு பக்கம் ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரு பாறையையும் பிடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைப் போட்டால் கீழே மீன் நிற்கும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும். அப்பாவுக்கு இப்படிப் பல பார் மனப்பாடம். ஜிபிஎஸ் வந்து எனக்கு அது தேவையில்லாமல் போனது.

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது என் சித்தப்பா மகன் ஆழ்கடலில் இருந்தான். புயல் ஓய்ந்ததும் நாங்களே படகுகளில் தேடப் போனோம். எங்கள் படகில் ஆறு பேர். முதல் நாள் எல்லோரும் பேசிக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் யாரும் பேசவில்லை. ஒரு மிதவை கண்டால் ஓடுவோம், ஒரு கேன் கண்டால் ஓடுவோம். டீசல் தீர்ந்து திரும்பினோம். அவன் கிடைக்கவில்லை. சித்தி இன்னும் அவன் சட்டையை மடித்து வைத்திருக்கிறார்.

ஸ்கார்பியனில் இருந்த 99 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை என்பது தேடுகிறவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். இருந்தும் ஐந்து மாதம் தேடினார்கள். என்ன ஆனது என்று அறிய கடற்படைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், சரி. ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு, கடலில் இந்த இடத்தில் என்று கை காட்ட ஓர் இடம் கிடைத்தது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கப்பலைப் பற்றிப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. மரியாதையாகவும் இருக்கிறது.

---

மண்ணுருளை எழுதியது:

கரைமடி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. சித்திக்கு என் அன்பு.

ஒரு சின்ன சந்தேகம் எல்லோருக்கும். கேமராச் சட்டத்தை இழுக்கும்போது அவ்வளவு மெதுவாக ஒரு சரக்குக் கப்பலை எப்படி ஓட்டினார்கள்? நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக இழுத்தால்தானே படம் தெளிவாக வரும்?

---

நள்ளிரவு வாட்ச் எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. இந்த மூன்று கப்பல்களிலும் டீசல்-எலக்ட்ரிக் ஏற்பாடு. டீசல் எஞ்சின் நேராக ப்ரொப்பல்லரைச் சுற்றாது. மின்சாரம் உண்டாக்கும், மோட்டார் சுற்றும். பனிக்கட்டியில் முட்டி நிற்பதும், பின்வாங்குவதும், மறுபடி முட்டுவதுமாக இருக்கும் கப்பலுக்கு இதுதான் வசதி. நாங்கள் ஓட்டிய பெரிய கப்பல்களில் எஞ்சின் நேரடியாக இணைந்திருக்கும். ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் நின்றுவிடும். மிசாரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாட் வேகத்தில் நாள் கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கலாம். ப்ரொப்பல்லரும் இரண்டு என்பதால் கப்பலைக் கோட்டில் பிடித்து வைப்பதும் எளிது. பனிக்காக வைத்தது தேடலுக்கு உதவியது. சரக்கு ஏற்ற வைத்த பெரிய ஹோல்டில் ஆய்வுக்கூடம் உட்கார்ந்தது. சரக்குத் தூக்கும் டெரிக் வேலை தெரிந்த மாலுமிகள் ஏற்கெனவே இருந்தார்கள்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்டானினுக்கு 1972 முடிவில் பணம் ஒதுக்காமல் நிறுத்திவிட்டார்கள். 1974இல் அர்ஜென்டினாவிடம் கொடுத்தார்கள். அங்கே "இஸ்லாஸ் ஓர்காதாஸ்" என்ற பெயரில் 1979 வரை அதே தென்கடலில் ஓடியது. மிர்ஃபாக் கடைசிவரை சரக்குக் கப்பலாகவே இருந்தது. மிசார் 1990 வரை வேலையில் இருந்தது. கப்பலோட்டிகளின் 57 நட்சத்திரப் பட்டியலில் எல்டானினும் மிர்ஃபாக்கும் உண்டு. மிசார் மட்டும் இல்லை.

கரைமடி தம்பி, உங்கள் அப்பா இருக்கிறார் அல்லவா? அவருடைய கணியங்களை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் தயவுசெய்து எழுதுங்கள். தேவையானால் நானே ஊருக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

---

கரைமடி எழுதியது:

வாருங்கள் அண்ணா. அப்பாவுக்கு 81 வயது. கண் மங்கல், நினைவு கூர்மை. நேற்று இரவு மகளின் பழைய கணக்கு நோட்டில் தொடங்கிவிட்டோம். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

முதல் கணியம்: மருந்துவாழ் மலையின் உச்சி, எங்கள் கோயில் கோபுரத்துக்குக் கிழக்கே ஒரு பாய்மர அகலம் விலகித் தெரிய வேண்டும். கல் இருபத்தெட்டுப் பாகத்தில் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) தரை தட்டும்.